சீட்டும் கையெழுத்தும்

தோட்டக் காலத்தில் பந்திங் வட்டாரத்துப் பெண் ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால், அது முதலில் தெரியவேண்டியது டிரசருக்கு அல்ல, மண்டோருக்கு. காலைப் பெரட்டில் ஆள் நிற்காவிட்டால் பேர் போடமாட்டார்கள். பேர் இல்லையென்றால் கூலி இல்லை. ஆகவே மண்டோரிடம் சொல்லி, அது கிராணி காதுக்குப் போய், பிறகுதான் டிரசர். அவரும் நிர்வாகத்தின் சம்பளக்காரர். மலாயாவின் தொழிலாளர் சட்டங்கள் தோட்டங்களில் மருத்துவ வசதி வேண்டும் என்று கட்டாயப்படுத்தின, அது நல்ல காரியம். ஆனால் நோயாளி சொன்னதை யாரிடம் சொல்லக்கூடாது என்று யாரும் கேட்கவில்லை. பலகை லயத்தில் தடுப்புச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டு இருமலை வைத்தே யாருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் கல்யாணமாகாத பதினைந்து வயதுப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால்? குடும்பம் மறைத்தது. வேறு தோட்டத்து அத்தை வீட்டுக்கு அனுப்புவார்கள், இல்லாவிட்டால் அவசரமாக ஒரு தாலி. இதை 'ரகசியம்' என்று சொல்லத் தோன்றும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மறைப்பது வேறு, ரகசியம் காப்பது வேறு. மறைப்பதில் பெண்ணைத் தவிர எல்லாரும் முடிவெடுக்கிறார்கள். அவள் வயதுக்கு வந்ததை மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் அடித்து ஊருக்கே சொன்ன அதே குடும்பம்தான், அந்த உடம்பைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்காது.

1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். கர்ப்பத்தடை பற்றி அவர் எழுதியது அந்தக் காலகட்டத்தில்தான். மற்றவர்கள் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணம் காட்டினார்கள். அவர் பெண்ணின் விடுதலையைக் காரணமாகச் சொன்னார். இந்த வித்தியாசம் எனக்கு முக்கியம். ஏனென்றால் இங்கே கர்ப்பத்தடை கிளினிக்காக வந்து சேர்ந்தபோது, வறுமைக் கணக்கு மட்டும் வந்தது, விடுதலை வரவில்லை. 1953இல் சிலாங்கூர் குடும்பத் திட்டச் சங்கம், 1958இல் சங்கங்களின் சம்மேளனம், 1966இல் சட்டமும் தேசிய வாரியமும். மக்கள்தொகை வளர்ச்சியை 3 விழுக்காட்டிலிருந்து 1985க்குள் 2 விழுக்காடாகக் குறைப்பது வாரியத்தின் இலக்கு. 1980களில் காற்று திசை மாறியது. மகாதீர் அரசு 7 கோடி மக்கள் வேண்டும் என்றது, வாரியத்தின் பெயரும் மாறியது. குறைக்கச் சொன்னபோதும் கூட்டச் சொன்னபோதும் கணக்கில் இருந்தவர்கள் கணவன் மனைவிதான். கல்யாணமாகாதவர்களுக்கு அங்கே நாற்காலியே போடவில்லை.

இங்கே 7 கோடி பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே வருடங்களில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கும், விதிவிலக்கான நிலைமைகளில், பெற்றோருக்குத் தெரியாமல் கருத்தடை ஆலோசனை தரலாம் என்று 1980இல் அங்கே சுகாதாரத் துறை டாக்டர்களுக்குச் சொல்லியிருந்தது. பத்துப் பிள்ளைகளுக்குத் தாயான விக்டோரியா கில்லிக் இதை எதிர்த்தார். அவரை வில்லியாக்கிப் பேசுவது சுலபம். 'என் மகளுக்கு நடப்பது எனக்குத் தெரியக்கூடாதா?' என்பது எந்தத் தாயும் கேட்கிற கேள்விதானே. 1983இல் தோற்றார். 1984 டிசம்பரில் மேல்முறையீட்டில் வென்றார். 1985 அக்டோபரில் பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மறுபடி தோற்றார். வெறும் வயதைப் பார்க்காதே, சொல்வதைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருக்கிறதா என்று பார் என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் வந்த இந்த வாதம்தான் இன்று பல நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளில் பாடம்.

1994இல் கெய்ரோ மாநாடு பதின்வயதினரின் அந்தரங்கத்தையும் ரகசியத்தையும் மதிக்கவேண்டும் என்று எழுதிவைத்தது. மலேசியாவும் அங்கே இருந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே கோலாலம்பூரில் இதே உரிமைகளுக்காக 'ஆரோ' என்ற பெண்கள் அமைப்பு தொடங்கியிருந்தது. பல ஆண்டுகளாக அதன் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் ஸ்காட்டில். கந்தசாமி கோயிலுக்குப் போகிற நம்மில் எத்தனை பேர் அந்தப் பலகையைப் படித்திருப்போம்?

பிறகு வந்தது 2001. அந்த ஒரே வருடத்தில் அரசாங்கம் இரண்டு காரியம் செய்தது. இளையோர் நலக் கொள்கையை வெளியிட்டது. சிறார் சட்டத்தையும் இயற்றியது. கொள்கை, பிள்ளைகளே கிளினிக்குக்கு வாருங்கள் என்றது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக நம்பக் காரணம் இருந்தால் டாக்டர் பாதுகாவல் அதிகாரிக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்றது சட்டம். 16 வயதுக்குக் கீழ் என்றால், பெண் சம்மதித்தாலும் குற்றவியல் சட்டப்படி அது பலாத்காரம். 2017இல் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் வந்து, தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதையே குற்றமாக்கியது.

இதில் நான் ஒரு பக்கமாக நின்று பேசமுடியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளை கர்ப்பமாக வந்து நிற்கிறது, காரணம் வீட்டிலேயே இருக்கிற ஓர் ஆம்பளை என்றால், அங்கே டாக்டர் வாயை மூடிக்கொண்டிருப்பது ரகசியம் காப்பதல்ல, குற்றத்துக்குத் துணைபோவது. அதற்குத்தான் அந்தச் சட்டம். ஆனால் தன் வகுப்புப் பையனோடு பழகிய பதினைந்து வயதுக்காரியும் அதே வலையில்தான் விழுகிறாள். 'நான் சொன்னா அவனைப் புடிச்சிட்டுப் போயிருவாங்க' என்று நினைப்பவள் கிளினிக் பக்கமே வரமாட்டாள். வராதவளுக்கு எந்தக் கொள்கையும் உதவாது.

2010இல் இது பத்திரிகையின் முதல் பக்கத்துக்கு வந்தது. பிறந்த குழந்தைகள் குப்பைத் தொட்டிகளிலும் கழிப்பறைகளிலும் கிடந்தன. மே மாதம் பெட்டாலிங் ஜெயாவில் குழந்தைகளைப் பத்திரமாக விட்டுச்செல்ல ஒரு தொட்டில் அறை திறந்தார்கள். மலாக்காவில் கர்ப்பிணி மாணவிகளுக்கென்று தனிப் பள்ளி வந்தது. ஆகஸ்டில் அமைச்சரவை, குழந்தையை வீசுவதைக் கொலையாகவே விசாரிக்கலாம் என்றது. அதற்கு முன்பும் சட்டம் சும்மா இருக்கவில்லை. இறந்த சிசுவை ரகசியமாகப் புதைத்துப் பிறப்பை மறைத்தால் தண்டனை என்கிறது 318ஆம் பிரிவு. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டபோதும் அதற்கு அதே எண்தான். நம் பாட்டிகள் கப்பலேறியபோது அந்தப் பிரிவும் கடல் தாண்டி வந்திருந்தது. கருக்கலைப்பு பற்றிய 312க்கும் அதே கதை. 1989இல்தான் மலேசியா அதைத் திருத்தி, தாயின் உடலுக்கோ மனதுக்கோ கேடு என்று டாக்டர் கருதினால் செய்யலாம் என்றது. இன்றும் பலர், 'அது இங்க சட்டவிரோதம்லா' என்று அடித்துச் சொல்கிறார்கள்.

டாக்டர் புகார் சொல்லியே ஆகவேண்டும் என்ற சிக்கல் இந்தியாவிலும் உண்டு. அங்கே 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் டாக்டரைப் புகார் சொல்ல வைக்கிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழி கண்டது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் புகாரில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை. குற்றம் பதிவாகும், பெண் பதிவாகமாட்டாள். எளிமையான யோசனைதான். ஆனால் 'காப்பாளரும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்கேயும் அம்மாவுக்குத் தெரிந்தாகவேண்டும்.

பந்திங்கில் இப்போது லயங்கள் போய்த் தாமான்கள் வந்துவிட்டன. மண்டோரும் இல்லை, டிரசரும் இல்லை. கவுண்டரில் ஐசியைக் கொடுக்கவேண்டும், பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். வரிசையில் அம்மாவின் சிநேகிதி இரத்த அழுத்தம் பார்க்க உட்கார்ந்திருப்பார், மிஸ்ஸி யாருக்காவது சித்தி முறையாக இருப்பார். பதினேழு வயதுப் பெண்ணைச் சட்டம் உறவுக்குச் சம்மதிக்கக்கூடியவளாகப் பார்க்கிறது. ஆனால் சிகிச்சை என்று வந்தால் 18 ஆகும்வரை பெற்றோர் கையெழுத்து வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி 16 வயது நிரம்பிய முஸ்லிம் அல்லாத பெண்ணுக்கு மந்திரி பெசார் அனுமதி கொடுத்தால் கல்யாணமே செய்யலாம். அதற்கும் அப்பா கையெழுத்துப் போடவேண்டும்.