அடுப்பேறாத கேக்

நொறுக்கிய பிஸ்கட்டை உருக்கிய வெண்ணெயில் பிசறி அச்சின் அடியில் அழுத்தி, அதன்மேல் கிரீம் சீஸும் சர்க்கரையும் பாலேடும் கெட்டியான தேநீரும் சேர்த்துக் கடைந்த கலவையை ஊற்றி, ஜெலட்டினோ கடற்பாசியோ கொண்டு குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்து எடுக்கும் இனிப்புக்கு 'நோ பேக் சீஸ்கேக்', அதாவது சுடாத சீஸ்கேக், என்ற பெயர் வழங்குகிறது. மாவு சேர்த்துச் சுடாத இப்பண்டத்தைக் கேக் என்பது பெயரளவில்தான். செய்முறையை வைத்துப் பார்த்தால் இதன் உறவு முழுவதும் உறைகூழ் வகைகளோடுதான் இருக்கிறது. தீயே படாத பண்டம் என்ற எண்ணத்தை அந்தப் பெயர் உண்டாக்கினாலும், இதில் சேரும் பொருள்களில் அனேகமாக ஒவ்வொன்றும் எங்கோ ஓர் ஆலையில் வெந்தும் கொதித்தும் சுடப்பட்டுமே வீட்டுக்கு வருகிறது. வீட்டு அடுப்பு இங்கே ஓய்ந்திருப்பதற்குக் காரணம், ஒரு காலத்தில் அதில் எரிந்த நெருப்பு கடந்த இருநூறு ஆண்டுகளில் சிறிது சிறிதாக ஆலைக்குக் குடிபெயர்ந்ததுதான்.

பாலாடைக்கட்டியைக் கொண்டு செய்யும் பணியாரங்கள் மேலை நாடுகளில் மிகப் பழையவை. கி.மு. 160 அளவில் உரோமானிய அரசியல்வாதி கேட்டோ எழுதிய வேளாண் நூலில், தெய்வங்களுக்குப் படைக்கும் 'லிபும்' என்ற பண்டத்தின் செய்முறை இடம்பெற்றுள்ளது. இரண்டு இராத்தல் பாலாடைக்கட்டியை உரலில் மைய இடித்து, ஒரு இராத்தல் மாவும் ஒரு முட்டையும் கூட்டிப் பிசைந்து, இலைகளின்மேல் வைத்து, சூடேறிய அடுப்புத் தரையில் மண் சட்டியைக் கவிழ்த்து மூடி மெல்லச் சுட வேண்டும் என்கிறது அந்நூல். அதே நூல் கூறும் 'சவில்லும்' தேன் சேர்ந்தது. கசகசா தூவிக் கரண்டியோடு பரிமாறப்படுவது. 1390ஐ ஒட்டி இங்கிலாந்து அரண்மனைச் சமையலர்கள் தொகுத்த 'ஃபோர்ம் ஆஃப் கியூரி' என்ற ஏட்டில், திரைந்த பாலை முட்டை வெண்கருவோடும் பூக்களோடும் மாவுக் கூட்டில் நிரப்பிச் சுடும் 'சாம்பொகேட்' காணப்படுகிறது. இவை எல்லாமே சுடப்பட்டதற்குக் காரணம் எளிது. வீட்டில் திரித்தெடுத்த பாலாடைக்கட்டி நீர் மிகுந்தது. அதை இறுகப் பிடித்து நிறுத்த முட்டையும் மாவும் தேவைப்பட்டன. அவ்விரண்டும் வெந்தால்தான் இறுகும்.

இந்தத் தேவையைக் குறைத்த முதல் மாற்றம் 1870களில் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் என்ற ஊரில் நிகழ்ந்தது. அங்கே பால்பண்ணைத் தொழில் நடத்திய வில்லியம் லாரன்ஸ், 'நூஃப்ஷாதெல்' எனும் பிரெஞ்சு வகை மென்பாலாடைக்கட்டியில் கூடுதலாகப் பாலேட்டைச் சேர்த்து, மேலும் கொழுப்பு மிகுந்த கிரீம் சீஸை உருவாக்கி ஆலை அளவில் விற்கத் தொடங்கினார். 1880இல் ஆல்வா ரெனால்ட்ஸ் என்ற நியூயார்க் வணிகர் இதற்குப் 'பிலடெல்பியா' என்று பெயர் சூட்டினார். அந்த நகரில் அது தயாரிக்கப்படவில்லை. பிலடெல்பியா வட்டாரத்துப் பால்பொருள்களுக்கு அன்று சந்தையில் இருந்த நற்பெயரே போதுமானதாக இருந்தது. அமெரிக்க உணவு விதிகளின்படி கிரீம் சீஸில் குறைந்தது 33 விழுக்காடு பால்கொழுப்பு இருக்க வேண்டும், ஈரப்பதம் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. குளிரில் தானே இறுகும் அளவுக்குக் கொழுப்பும், கலவையை நீர்க்கச் செய்யாத அளவுக்கு ஈரமும் கொண்ட ஒரு பொருள் கடையில் கட்டியாகக் கிடைத்ததும், முட்டையின் வேலையில் பாதி முடிந்துவிட்டது.

அடித்தட்டாக அமையும் பிஸ்கட்டின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கச் செய்முறைகளில் இதற்குப் பயன்படும் 'கிரகாம் கிராக்கர்', சில்வெஸ்டர் கிரகாம் (1794–1851) என்ற சமயப் போதகரின் பெயரால் வழங்குகிறது. தவிடு நீக்காத கோதுமை மாவை வலியுறுத்திய அவர், இறைச்சி, மது மட்டுமின்றித் தேநீரும் காப்பியும்கூட உடலைத் தூண்டிக் கெடுப்பவை என்று பிரசாரம் செய்தவர். அவர் பெயர் தாங்கிய பிஸ்கட்டின்மேல் சர்க்கரையும் தேநீரும் கலந்த கொழுப்புக் கட்டி உட்கார்ந்திருப்பதை அவர் காண நேர்ந்திருந்தால் நிச்சயம் மகிழ்ந்திருக்க மாட்டார்.

முட்டையின் வேலையில் எஞ்சிய பாதியை ஜெலட்டின் ஏற்றுக்கொண்டது. விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தை நீரில் நீண்ட நேரம் கொதிக்கவைத்துப் பெறும் பசையே ஜெலட்டின். ஐரோப்பியச் செல்வர் வீடுகளில் ஒரு கிண்ணம் உறைகூழ் செய்வதென்றால், கன்றின் கால்களை மணிக்கணக்கில் வேகவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்து, முட்டை வெண்கருவால் கசடு நீக்கித் துணியில் வடிகட்டியாக வேண்டும். ஏவலாள் இல்லாத வீட்டில் அது நடவாத காரியம். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் 'ஐசிங்கிளாஸ்' என்ற பசை இதற்கு மாற்றாக இருந்தபோதிலும் அதன் விலை அதிகம். இன்றைய பிரஷர் குக்கருக்கு மூதாதையான கலத்தை 1679இல் உருவாக்கிய டெனி பாப்பின், அதில் எலும்புகளை வேகவைத்துக் கூழ் எடுத்து இலண்டன் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்குப் பரிமாறினார். 1845இல் பீட்டர் கூப்பர் தூள் ஜெலட்டினுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இரயில் எஞ்சின் செய்து புகழ்பெற்ற அவருடைய செல்வம் பெரிதும் பசை ஆலையிலிருந்து வந்தது என்பதால், எலும்புக் கொதிகலன் அவருக்குப் பழகிய ஒன்றுதான். 1890ஐ ஒட்டி சார்லஸ் நாக்ஸ் குறுமணி ஜெலட்டினைப் பொட்டலத்தில் விற்றார். 1897இல் பெர்ல் வெய்ட் அதில் சர்க்கரையும் பழச்சுவையும் சேர்த்து 'ஜெல்லோ' ஆக்கினார். கன்றின் காலைக் கொதிக்கவைத்த நெருப்பு அத்துடன் வீட்டைவிட்டு வெளியேறியது.

ஜப்பானில் இதே வேலையைச் செய்த பொருள் கடலிலிருந்து வந்தது. 'தெங்குசா' என்ற செந்நிறக் கடற்பாசியைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் உண்டாகும் கூழை 'தொகொரோதென்' என்ற பெயரில் அந்நாட்டினர் நெடுங்காலமாக உண்டுவந்தனர். 1658ஐ ஒட்டி, கியோத்தோவுக்குத் தெற்கே உள்ள ஃபுஷிமியில் சத்திரம் நடத்திய மினோயா தரோசயெமோன், விருந்தில் மிஞ்சிய கூழைக் குளிர்காலத்தில் வெளியே வீசியதாகவும், அது இரவில் உறைந்து பகலில் உருகி, சில நாள்களில் ஈரமெல்லாம் வடிந்து எடையற்ற வெண்சக்கையாக மாறியதாகவும், அதை மீண்டும் கொதிக்கவைத்தபோது கடல்வாடை இல்லாத தெளிந்த கூழ் கிடைத்ததாகவும் மரபு கூறுகிறது. அதற்குக் 'கன்தென்', அதாவது குளிர்வானம், என்ற பெயரைத் தந்தவர் இங்கென் என்ற சீனத் துறவி என்பதும் அம்மரபின் பகுதியே. 1654இல் ஜப்பானுக்கு வந்த இங்கென், 1661இல் தேயிலைக்குப் பெயர்பெற்ற ஊஜியில் மன்புக்கு-ஜி மடத்தை நிறுவியவர். தேயிலையைப் பொடியாக்காமல் வெந்நீரில் ஊறவைத்துப் பருகும் சீன வழக்கத்தை அங்கே பரப்பியவராகவும் அவர் போற்றப்படுகிறார். ஆக, தேநீரும் கடற்பாசியும் ஒரே துறவியின் பெயரோடு பிணைந்து நிற்கின்றன. உலகில் வேறெந்த இனிப்புக்கும் இத்தகைய பொதுக் குலகுரு வாய்த்ததாகத் தெரியவில்லை.

கன்தெனே உலகச் சந்தையில் 'அகர் அகர்' என்றும், தமிழ்நாட்டுக் கடைகளில் 'சைனா கிராஸ்' என்றும், நோன்புத் திறப்பு விருந்துகளில் வெறும் 'கடற்பாசி' என்றும் வழங்குகிறது. ஜெலட்டின் ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். அகரோ ஏறத்தாழ 85 பாகையில் உருகி, 40 பாகைக்குக் கீழே வந்ததும் உறைந்துவிடும். இந்த வேறுபாடு சமையலறைக்கு அப்பாலும் பயன்பட்டது. நுண்ணுயிரிகளை வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்திய வால்தர் ஹெஸ்ஸெ, அது கோடையில் உருகிப்போவதால் தவித்தபோது, அவருடைய மனைவி ஃபானி, ஜாவாவில் வாழ்ந்த ஒருவரிடமிருந்து அறிந்து தம் வீட்டு உறைகூழ்களில் சேர்த்துவந்த அகரைப் பரிந்துரைத்தார். 1882இல் ஹெஸ்ஸெ பணிபுரிந்த ஆய்வகத்தின் தலைவர் இராபர்ட் காக் காசநோய்க் கிருமி பற்றி வெளியிட்ட கட்டுரையில் அகர் இடம்பெற்றது. ஃபானியின் பெயர் இடம்பெறவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றதும் மற்ற நாடுகள் தத்தம் கரைகளில் பாசி தேடின. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகர் தருபவை. இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள், பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிக் கீற்றுகளைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி இன்றளவும் இவற்றைப் பறித்து வருகின்றனர்.

உறையவைக்கும் பொருள் கிடைத்தாலும் குளிர் இல்லாமல் வேலை நடவாது. பாஸ்டனைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர், குளங்களில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த 'ஐஸ் ஹவுஸ்', பின்னாளில் விவேகானந்தர் தங்கியதால் அவர் பெயர் பெற்ற கட்டடம், அந்த வணிகத்தின் கிடங்குதான். பிரெஞ்சு சமையற்கலைஞர் கரேமின் 'ஷார்லோத்' என்ற பண்டம், பிஸ்கட்டை அச்சில் அடுக்கிப் பாலேட்டுக் கூழை நிரப்பிப் பனிக்கட்டியில் வைத்து உறையவைப்பது; அரண்மனைக்குரிய அந்தப் பண்டத்தை, பனிக்கட்டிப் பெட்டி வந்ததும் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்கள் 'ஐஸ்பாக்ஸ் கேக்' என எளிமையாக்கின. 1927இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 'மானிட்டர் டாப்' குளிர்பதனப் பெட்டி விற்பனைக்கு வந்தபின், இத்தகைய செய்முறைகள் அப்பெட்டிகளை விற்கும் விளம்பரமாகவே வளர்ந்தன. ஜப்பானில் 1950களின் இறுதியில் தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றும் 'மும்மணிகள்' எனப்பட்டன. சிறிய சமையலறையில் ஓவனுக்கு இடமில்லாத அந்நாட்டு வீடுகளில் சுடாத சீஸ்கேக் எளிதில் குடிகொண்டது. அரைவேக்காட்டு இறைச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எடுத்து அதற்கு 'ரேர் சீஸ்கேக்' என்று பெயரிட்டது ஜப்பானியருக்கே உரிய குறும்பு.

தேநீர் இக்கலவையில் சேர்வது பார்வைக்கு எளிது, செயலில் கடினம். சுவை ஏறத் தேநீரை அதிகமாக ஊற்றினால் நீர் கூடிக் கலவை உறையாது. குறைத்து ஊற்றினால் பால்புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருளான டானினைப் பற்றிக்கொண்டு சுவையை அமுக்கிவிடும். பால் ஊற்றியதும் தேநீரின் துவர்ப்பு தணிவதும் இதனால்தான். ஜப்பானியரின் 'மாட்சா' இச்சிக்கலைத் தாண்டிவிடுகிறது. பறிப்பதற்கு முன் ஏறத்தாழ மூன்று வாரம் நிழலில் வளர்த்த கொழுந்தை ஆவியில் காட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் இயந்திரத்தில் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் என்ற மெதுவான வேகத்தில் அரைத்தெடுக்கும் அந்தப் பொடி இலை முழுவதையும் கலவைக்குள் கொண்டுவருகிறது. ஒரு சொட்டு நீரும் கூடுவதில்லை. கறுப்புத் தேயிலையில் அந்த வசதி இல்லை. பாலேட்டைச் சூடாக்கி அதிலேயே இலையை ஊறவைத்து வடிப்பதே அங்கு வழி. பெர்கமாட் என்ற நாரத்தை இனப் பழத்தின் தோலெண்ணெய் ஏற்றிய 'ஏர்ல் கிரே' இதற்கு நன்கு பொருந்துகிறது. எண்ணெய் சார்ந்த மணம் கொழுப்பில் எளிதாகக் கரைவதால் அது அமுங்கிப் போவதில்லை. 1930இல் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் வகுத்த சி.டி.சி. முறையில், அதாவது இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கும் முறையில், தயாராகும் தூளே தமிழ்நாட்டு டீக்கடைகளில் பெரிதும் புழங்குகிறது. அது நிறத்தையும் துவர்ப்பையும் வாரி வழங்கும், மணத்தில் கஞ்சம் காட்டும். சீஸ்கேக்குக்கு நீலகிரியின் முழு இலைத் தேயிலையே மேல்.

டானினுக்கு இன்னொரு குணமும் உண்டு. பால்புரதத்தைப் போலவே அது ஜெலட்டினையும் பற்றிக்கொள்ளும். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறும் தோல் பதனாவது இந்தப் பிணைப்பால்தான். மிகக் கெட்டியான டிகாக்‌ஷனில் ஜெலட்டினைக் கரைத்தால் அது கலங்கி நிற்பதற்கும் அதுவே காரணம். கடற்பாசி புரதமல்ல, மாவுச்சத்தின் உறவான நார்ச்சத்து என்பதால் தேநீரோடு அதற்குப் பூசல் இல்லை. சைவ உணவு உண்போருக்கும் தடையில்லை. எனினும் அதை டிகாக்‌ஷனிலேயே போட்டு, இழை ஒன்றுகூடத் தெரியாதவாறு இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். அடுப்பேறாத கேக்கின் பொருட்டு வீட்டு அடுப்பு எரிவது அந்தச் சில நிமிடங்களுக்குத்தான். பெட்டியிலிருந்து அப்போதே எடுத்த கிரீம் சீஸில் அந்தக் கொதிநீரை ஊற்றினால் 40 பாகைக்குக் கீழே சட்டென இறங்கிக் கலவை கட்டி கட்டியாகத் திரண்டுவிடும் என்பதால், சீஸைக் குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுவது நல்லது.