உருக்கு வாளுக்குள் ஒளிந்திருந்த நானோ குழாய்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கியவர்களுக்குத் தெரியும், அங்கே வியாபாரத்தின் பாதி வேகம் அரிவாள்மனையின் கூர்மையில்தான் இருக்கிறது. நல்ல இரும்புக்கும் சாதாரண இரும்புக்கும் என்னதான் வித்தியாசம்? இதற்கு ஆச்சரியமான ஒரு பதில் 2006ல் ஜெர்மனியிலிருந்து வந்தது.

டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பாஃப்லர் குழுவினர், 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றின் சிறு துணுக்கை அமிலத்தில் கரைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே கார்பன் நானோ குழாய்கள்!

ஜப்பானின் சுமியோ இஜிமா 1991ல் விவரித்த பிறகுதான் இந்தக் குழாய்கள் உலகப் புகழ் பெற்றன. 1993ல் அவரது குழு இரும்பைக் கொண்டும், ஐ.பி.எம். குழு கோபால்ட்டைக் கொண்டும் ஒற்றைச் சுவர்க் குழாய்களை உருவாக்கின. உலோகம் இங்கே வினையூக்கி. சூட்டில் சிதையும் பொருளிலிருந்து வரும் கார்பனை, நானோ அளவுள்ள உலோகத் துகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். இனி இடமில்லை என்றானதும் கார்பன் குழாயாக வெளியே வளரும். துகள் எவ்வளவு சிறியதோ, குழாயும் அவ்வளவு மெல்லியது.

சரி, வாளுக்குள் இது எப்படி நடந்தது? டமாஸ்கஸ் வாளின் மூலப்பொருள் இந்தியாவிலிருந்து போன 'ஊட்ஸ்' எஃகு. அதாவது நம் உருக்கு! ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் உருக்கு உலைத் தடயங்கள் கிடைத்துள்ளன. இரும்போடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் போட்டு, மண் மூசையை மூடி உருக்கியதாக 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. கட்டையும் இலையும் கார்பனைத் தந்தன. தாதுவில் துளித்துளியாகக் கலந்திருந்த வனேடியம், குரோமியம், கோபால்ட், நிக்கல் போன்றவை வினையூக்கியாக இருந்திருக்கலாம் என்பது டிரெஸ்டன் குழுவின் கணிப்பு. இதைச் சந்தேகிக்கும் அறிஞர்களும் உண்டு.

2020ல் கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சிலும் நானோ குழாய்கள் இருப்பதாக வி.ஐ.டி. ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு அறிவித்தது.

அப்படியானால் அந்த வாள்கலை ஏன் அழிந்தது? அமெரிக்காவின் ஜான் வெர்ஹோவன் ஒரு காரணம் சொல்கிறார். வனேடியம் கலந்த பழைய தாது தீர்ந்துபோய், வேறு தாது வந்திருக்கலாம். கொல்லர் அதே கை, அதே உலை, அதே பக்குவம்தான் வைத்திருப்பார். ஆனால் வாளில் அந்த வரி மட்டும் விழவில்லை!

வணிகத்துக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்தத் துளி உலோகத்துக்கு யாரும் விலை வைக்கவில்லை, எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. அது போனபோதோ, தொழிலே போய்விட்டது.