ஃப்ரிட்ஜின் ஜாதகம்

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து, தக்காளியைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டு, உட்புறச் சுவரைப் பாருங்கள். ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில கம்பெனிகள் முதுகுப் பக்கம் ஒட்டியிருப்பார்கள். பொடிப்பொடியாக எழுத்துக்கள். மாடல் நம்பர், எத்தனை வோல்ட், என்ன கேஸ், எத்தனை கிராம்... வாங்கிய நாளிலிருந்து நாம் யாரும் அதைப் படித்திருக்க மாட்டோம். நானும்தான். கோவிலூரில் ஓர் ஆச்சி வீட்டில்தான் முதல்முறையாகப் படிக்க வேண்டி வந்தது.

கோவிலூர் என்றால் காரைக்குடிக்குப் பக்கத்தில், வேதாந்த மடத்தால் பெயர் பெற்ற ஊர். என் நண்பருக்கு அங்கே பூர்வீக வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடு. நண்பர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவ்வளவு பெரிய வீட்டில் அவருடைய அம்மா மட்டும். போன சித்திரையில் ஒரு வேலையாக நான் காரைக்குடிக்குக் கிளம்பியபோது நண்பர் போன் செய்தார்.

“ஆத்தாவை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுப்பா. ஃப்ரிட்ஜ் ஓடலையாம்.”

ஃப்ரிட்ஜ் ஓடாவிட்டால் என்ன, மோர் புளிக்கும், அவ்வளவுதானே என்று நினைத்துத்தான் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, ஆச்சிக்குச் சர்க்கரை வியாதி. ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் இருந்தது இரண்டு மாதத்துக்கான இன்சுலின். பிரிக்காத இன்சுலின் 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வெளியே செட்டிநாட்டுச் சித்திரை வெயில்!

எனக்கு முன்பே ஒரு மெக்கானிக் வந்து இரண்டே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கம்ப்ரஸர் போச்சு, கேஸும் தீர்ந்திருக்கும், பேசாமல் புதுசு வாங்கிவிடுங்கள்.

ஆச்சி என்னிடம் கேட்டார். “எட்டு வருஷம்தான் ஆச்சு தம்பி. கேஸு எப்படித் தீரும்? அது என்ன அடுப்பு சிலிண்டரா?”

எவ்வளவு நல்ல கேள்வி! இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் இருநூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

குளிர்ச்சி என்பது தீர்ந்துபோகிற சரக்காக இருந்த காலம் அது. அமெரிக்காவில் ஃப்ரெடரிக் டூடர் என்றொரு வியாபாரி. பாஸ்டன் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும், பாளம் பாளமாக வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி உலகமெங்கும் விற்றவர். 1833-ம் ஆண்டு மே மாதம் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் 180 டன் ஐஸ் கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நான்கு மாதப் பயணம். செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது மிஞ்சியது சுமார் 100 டன். மீதி வழியிலேயே தண்ணீர்! அப்படியும் அவருக்கு லாபம்.

சென்னைக்கும் ஐஸ் வந்தது. அதைச் சேமித்து வைக்க 1842-ல் கடற்கரையோரம் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். அதுதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் விவேகானந்தர் தங்கியதும், இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்பதும் அதே கட்டடம்தான். இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் டூடரின் வியாபாரம் உருகிப்போனது.

அந்த இயந்திரம் எப்படி வந்தது?

ஆச்சி ஊசி போடுமுன் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைப்பார். துடைத்த இடம் ஜில்லென்று இருக்கும் அல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலிலிருந்து சூட்டைப் பறித்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். ஃப்ரிட்ஜின் ரகசியமும் இதுதான். ஆனால் ஒரு சின்ன வித்தியாசம். ஸ்பிரிட் காற்றோடு போய்விடும். ஃப்ரிட்ஜில் அதைப் போகவிடாமல் பிடித்து, அழுத்தி, மறுபடி திரவமாக்கி, மறுபடி ஆவியாக்குகிறார்கள். ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்பவர் 1834-ல் லண்டனில் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

ஆனால், இதைத் தொழிலாக நடத்திக் காட்டியவர் யார் தெரியுமா? ஒரு பத்திரிகைக்காரர்! ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரத்தில் பத்திரிகை நடத்திய ஜேம்ஸ் ஹாரிசன். அச்செழுத்துக்களை ஈதர் ஊற்றிக் கழுவும்போது உலோகம் சில்லிட்டுப் போவதைக் கவனித்தார். 1850-களில் ஐஸ் இயந்திரமே செய்துவிட்டார். சொந்தக் கணக்கில்தான் பாவம், கோட்டைவிட்டார். 1873-ல் ஆஸ்திரேலிய இறைச்சியை லண்டனுக்குக் கப்பலில் அனுப்பினார். இயந்திரம் வைக்காமல் ஐஸை நம்பினார். ஐஸ் உருகி, சரக்கு முழுக்க நாறிப்போய், ஆசாமி நொடித்துப்போனார்.

பி.காம். படித்தவன் என்பதால் ஆச்சிக்கு என் பாஷையிலேயே சொன்னேன். “டூடரோட ஐஸ் செலவுக் கணக்கு ஆச்சி. போனா போனதுதான். ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கிற கேஸ் முதல். சுத்திச் சுத்தி வரும், தீராது.”

வட்டிக் கணக்குப் பார்த்த குடும்பம். ஆச்சி பட்டென்று பிடித்துக்கொண்டார். “அப்ப முதலு குறைஞ்சிருந்தா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையைத் தேடாம மறுபடி மறுபடி பணத்தைப் போடச் சொல்றாகளா?”

அதேதான்! இந்த ஒரு வரி தெரியாமல் வருஷா வருஷம் ‘கேஸ் டாப்-அப்’ செய்கிறவர்கள் எத்தனை பேர்! ஒழுக்கை அடைக்காமல் கேஸ் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுபோல.

அந்த ஒழுக்குக்கு ஒரு கொடூரமான சரித்திரமும் இருக்கிறது.

1920-களில் வீட்டு ஃப்ரிட்ஜுகளில் இருந்தவை சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு, அமோனியா. எல்லாமே விஷம். 1926-ல் பெர்லினில் ஒரு குடும்பமே ஃப்ரிட்ஜிலிருந்து கசிந்த வாயுவால் தூக்கத்தில் இறந்துபோன செய்தியைப் படித்துவிட்டு ஒரு விஞ்ஞானி மனம் கலங்கினார். அவர் பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். இதற்கு வேறு வழி இருக்க வேண்டும் என்று இளைய சகா லியோ சிலார்டுடன் உட்கார்ந்தார். தேய்கிற, சுழலுகிற பாகமே இல்லாவிட்டால் ஒழுக்கு எங்கிருந்து வரும்? அந்த யோசனைக்கு 1930-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால், அந்த ஃப்ரிட்ஜ் கடைக்கு வரவே இல்லை.

காரணம், அதே சமயத்தில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்ற இன்ஜினீயர் வாயுவையே மாற்றிவிட்டார். அதுதான் ஃப்ரியான். 1930-ல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் அதை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவத்தி மேல் ஊதிக் காட்டினார். ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெழுகுவத்தியும் அணைந்தது. விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது. கைதட்டல்!

இந்தியாவில் 1958-ல் கோத்ரெஜ் ஃப்ரிட்ஜ் தயாரிக்க ஆரம்பித்ததிலிருந்து பல வருஷங்கள் நம் வீடுகளிலும் ஓடியது ஃப்ரியான் வகை வாயுதான். ஸ்டிக்கரில் ‘ஆர்-12’ என்று இருக்கும். கசிந்தால் யாரும் சாகவில்லை. அதனால் ஒழுக்கைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. கசிந்ததெல்லாம் மெல்ல மெல்ல மேலே போனது. மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974-ல் எச்சரித்தார்கள், இது ஓசோன் படலத்தைத் தின்றுவிடும் என்று. 1985-ல் அன்டார்டிகாவுக்கு மேல் ஓசோன் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம். 1992-ல் இந்தியாவும் சேர்ந்துகொண்டது. வளரும் நாடுகள் ஆர்-12 வகையறாவை நிறுத்தக் கெடு 2010.

அடுத்து வந்தது ஆர்-134ஏ. ஓசோனைத் தொடாது. ஆனால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். அதற்கும் மாற்று, இன்று பெரும்பாலான புது ஃப்ரிட்ஜுகளில் இருக்கும் ஆர்-600ஏ. அதாவது ஐசோபியூட்டேன். நம் சமையல் கேஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி! ஓசோனுக்கும் பூமிக்கும் நல்லது. தீப்பிடிக்கும் என்பதால் சில பத்து கிராம்தான் வைப்பார்கள்.

இப்போது ஸ்டிக்கருக்கு வருவோம். ‘ஆர்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் உங்கள் ஃப்ரிட்ஜ் எந்தத் தலைமுறை என்று சொல்லும் ஜாதகம். ஒரு தலைமுறையின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஆர்-12 கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் ஆர்-134ஏ-வோடு கலக்காது. ஆர்-134ஏ ஃப்ரிட்ஜுக்குத் தேவைப்படும் எடையில் ஏறக்குறைய பாதிதான் ஆர்-600ஏ-வுக்கு. பழைய பழக்கத்தில் நிரப்பினால் வினைதான். ஆர்-600ஏ ஃப்ரிட்ஜில் கேஸ் இருக்கும்போதே பற்றவைப்புக் கருவியை நீட்டுவதோ, தீப்பொறி பறக்கும் பழைய ரக ரிலேயை மாட்டுவதோ ஆபத்து.

ஆச்சி வீட்டு ஸ்டிக்கரில் இருந்தது ஆர்-600ஏ.

இரண்டாவதாக ஓர் இளைஞரை வரவழைத்தேன். அவர் முதலில் செய்த காரியம், ஸ்டிக்கரைச் செல்போனில் படம் எடுத்தது. அடுத்து பின்னால் குனிந்து கம்ப்ரஸர் மேலிருந்த நம்பரையும் எடுத்தார். பிறகு காது கொடுத்துக் கேட்டார். ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். கொஞ்ச நேரத்தில் ‘டிக்’. சில நிமிடம் மௌனம். மறுபடி முனகல், மறுபடி ‘டிக்’.

“கம்ப்ரஸர் ஓடப் பார்க்குது சார், முடியலை. சூடாகுதுன்னு ஓவர்லோட் கட் பண்ணிடுது” என்றவர், மீட்டரை வைத்து வோல்டேஜ் பார்த்தார். சரியாக இருந்தது. கம்ப்ரஸர் காயில்களையும் சோதித்தார். அவையும் சரி. பிறகு, பக்கத்தில் செருகியிருந்த தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் வஸ்துவைப் பிடுங்கிக் காதருகே ஆட்டினார். கிலுகிலுப்பை மாதிரி சத்தம். “ரிலே சார். உள்ள பில்லை உடைஞ்சுபோச்சு.”

தள்ளினால்தான் கிளம்பும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்ரஸர் மோட்டாரும் அந்த ரகம். அது கிளம்ப ஒரு நொடி தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் ரிலேயின் வேலை. தள்ள ஆள் இல்லை என்பதற்காக வண்டியையே எடைக்குப் போடச் சொன்னார், முதலில் வந்தவர்!

இனி பாகத்துக்கு அலைய வேண்டும். காரைக்குடியில் இரண்டு கடையில் இல்லை. மூன்றாவது கடையில் “யூனிவர்சல் சார், எல்லாத்துக்கும் போடலாம்” என்று ஒன்றை நீட்டினார்கள். போன் செய்தேன். “கம்ப்ரஸர் நம்பருக்குச் சரியா வருதான்னு கேளுங்க. இல்லாட்டி வேண்டாம்” என்றார் இளைஞர். கடைக்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் மதுரையில் இருப்பதாகத் தெரிந்தது. மறுநாள் காலை பஸ் பார்சலில் வரும்.

அன்று சாயங்காலம் முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தேன். இடிபட்ட செட்டிநாட்டு வீடுகளின் பாகங்கள் விற்கும் பழம்பொருள் கடைகள். ஒரு கடையில் பெரிய பெரிய பூட்டுகள் ஒரு குவியல், சாவிகள் ஒரு குவியல். எதற்கு எது என்று சொல்ல ஆள் இல்லை. அலங்காரத்துக்கு வாங்கிப் போகிறார்கள். ஜோடி தெரியாவிட்டால் எப்பேர்ப்பட்ட பூட்டும் வெறும் இரும்புதான்.

அதுவரை இன்சுலின்? டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டோம். ஐஸ் மேல் வைக்கக் கூடாது, உறைந்தால் மருந்து வீண் என்றார். ஆச்சிக்கு அதற்கு முன்பே வழி தெரிந்திருந்தது. பெரிய மண்பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, அதில் இன்சுலின் டப்பா, மேலே நனைத்த துணி. இரண்டாம் கட்டில் காற்று வரும் மூலையில் வைத்திருந்தார். 8 டிகிரிக்கு இறங்காதுதான். ஆனால், வெயிலின் உக்கிரத்திலிருந்து ஓரிரு நாள் காப்பாற்றும். பெர்க்கின்ஸுக்கும் ஹாரிசனுக்கும் பல நூற்றாண்டு முந்தைய ஃப்ரிட்ஜ்!

மறுநாள் ரிலே வந்தது. ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவு. மாட்டியதும் முனகல் மாறி, சீரான ஓட்டச் சத்தம். புது ஃப்ரிட்ஜ் என்றால் எத்தனை ஆயிரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஃப்ரிட்ஜ் மக்கர் செய்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் நீங்களே சிலவற்றைப் பார்க்கலாம். விளக்கு எரிகிறதா? ஸ்டெபிலைசர் வேலை செய்கிறதா? தெர்மோஸ்டாட் குமிழை யாராவது திருப்பிவிட்டார்களா? முதுகில் கம்பிவலை தெரிகிற மாடல் என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் படிந்த தூசியைத் தட்டுங்கள். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் கேஸ்கெட் தளர்ந்திருக்கிறது. மின்சாரப் பாகங்களை மட்டும் நீங்கள் தொட வேண்டாம். “கேஸ் போச்சு” என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். “எங்கே ஒழுகுது?”

கிளம்பும்போது ஆச்சி ஒரு பழைய கணக்கு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். பால், பேப்பர், கரன்ட் பில் எல்லாம் அதில்தான். கடைசிப் பக்கத்தில் ஸ்டிக்கர் எண்களை என்னை எழுதச் சொன்னார். மாடல், கேஸ், கிராம், கம்ப்ரஸர் நம்பர், ரிலே நம்பர்.

“இனிமே எவன் வந்தாலும் இதைக் காட்டிட்டுத்தான் பேச்சு” என்றார்.

நீங்களும் இன்றைக்கே எழுதி வையுங்கள். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே.