சவேரியாரும் உள்ளத் தூய்மையும்



செலண்டாரிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் மலாக்காப் பட்டணத்துக்குப் போகும் நம்மில் பலர் செயின்ட் பால் குன்றின்மீது ஏறியிருப்போம். அங்கே கூரையிழந்த பழைய தேவாலயத்தினுள் கம்பி அடைப்பிட்ட வெறுங்குழி ஒன்று உண்டு. புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் 1553-ஆம் ஆண்டில் சில மாதங்கள் அந்த ஆலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பின்னர் அது கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

சவேரியார் 1506-இல் நவார் நாட்டுக் கோட்டை ஒன்றில், உயர்குடியில் பிறந்தவர். பாரிஸ் நகரில் படித்துப் பேரும் புகழும் தேடியவர். அங்கே உடன் படித்த இஞ்ஞாசியார் அவருக்கு வேறொரு வழியைக் காட்டினார். அவ்வழியில் முதற்பாடம், தன்னைத்தானே சோதிப்பது. நாள்தோறும் உள்ளத்தில் படிந்த மாசை எண்ணிப் பார்த்து, இறைவன் முன் தாழ்ந்து நிற்க வேண்டும். மாசை ஒப்புக்கொள்வது மனிதன் வேலை. அதைக் கழுவுவது இறையருள் என்பது அவர்கள் கொள்கை.

இதை நம் தொழிலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். பால் வெட்டுமுன் மங்கில் கிடக்கும் கட்டிப்பாலை எடுத்துவிடுகிறோம். மங்கைக் காலி செய்து வைப்பது நம் கை. பாலைத் தருவது மரம். பணிவும் அருளும் அப்படித்தான்.

1542-இல் சவேரியார் கோவா வந்து, அங்கிருந்து தமிழகத்தின் முத்துக்குளித்துறைக்குச் சென்றார். பல்கலைக்கழகப் பட்டம் அங்கே உதவவில்லை. தமிழ் அறிந்தவர்களின் துணையால் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணி அடித்துக்கொண்டு தெருவில் போய், பரதவர் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவரானார்.

1545-இல் மலாக்கா வந்தபோது அவர் தங்கிய இடம் மருத்துவமனை. நோயாளிகளோடு இருந்து அவர்களுக்குப் பணி செய்தார். இங்கும் செபங்களை மலாய் மொழியில் பெயர்க்கச் செய்து பிள்ளைகளுக்குக் கற்பித்தார்.

வரலாறு பேசும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் வந்தது, 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் ஆதரவில். கோவாவில் சமய விசாரணை மன்றம் வேண்டுமென்று 1546-இல் போர்த்துகல் மன்னருக்கு எழுதியவரும் அவரே. அவர் மறைந்த பின் 1560-இல் அம்மன்றம் அமைந்து, பலரை வதைத்தது. நோயாளியின் கட்டிலருகே விளங்கிய பணிவு, அதிகாரத்தின் பக்கம் சாய்ந்தபோது மறைந்துபோயிற்று. உள்ளத்தைக் கழுவும் அருளைத் தண்டனையால் திணிக்க முடியாது.

சீனாவுக்குள் நுழையும் ஆசை நிறைவேறாமலே, 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையருகே ஒரு தீவில் அவர் உயிர் நீத்தார். உடனிருந்தோர் மிகச் சிலரே.

நம் பிள்ளைகளைக் குன்றுக்கு அழைத்துப் போகும்போது இரண்டையும் சொல்லிக் கொடுப்போம். எந்தச் சமயத்தவராயினும், பிறர் மாசைத் தேடுமுன் தன் மாசைக் காண்பதே பணிவின் தொடக்கம்.