ஆலந்தூர் பாதாளச் சாக்கடைத் திட்டமும் நகராட்சிகளின் நிதித் திட்டமிடலும்

குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கு மாநில அரசின் மானியத்தையே நெடுங்காலம் எதிர்பார்த்திருந்த இந்திய நகராட்சிகளுக்கு, 1993 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம் பெரும் பொறுப்பை அளித்ததேயன்றி, அதற்கு ஈடான பணத்தையோ, பணத்தைத் திரட்டும் வழியைக் கணக்கிட்டுச் சொல்லும் ஆள்பலத்தையோ அளிக்கவில்லை. தமிழ்நாட்டில் இக்குறையை நீக்கும் முயற்சி சற்று முன்பே தொடங்கியிருந்தது. உலக வங்கியின் உதவியோடு 1988இல் உருவான நகராட்சிக் கடன் நிதியம், 1996இல் தனியார் நிதி நிறுவனங்களும் பங்கேற்ற தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமாக மாற்றப்பட்டது. கடன் வழங்குவதோடு நில்லாமல், திட்ட அறிக்கை ஆயத்தம் செய்யவும் வரவு செலவைக் கணிக்கவும் நகராட்சிகளுக்குத் துணைநின்றதே இந்நிதியத்தின் தனிச்சிறப்பு எனலாம்.

இத்துணையின் பயன் முழுமையாக வெளிப்பட்ட இடம், சென்னையை ஒட்டியிருந்த ஆலந்தூர் நகராட்சி. வீடுதோறும் செப்டிக் டேங்குகளும், அவற்றை உறிஞ்சியெடுக்க வரும் லாரிகளும், நிரம்பி வழிந்த கழிவு தெருவோரக் கால்வாயில் கலப்பதுமாக இருந்த அந்நகரில், 1996இல் நகர்மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆர்.எஸ். பாரதி பாதாளச் சாக்கடைத் திட்டத்தை முன்னெடுத்தார். திட்ட மதிப்பு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். நகராட்சியின் வருவாயைக் கொண்டு மட்டும் இதை நிறைவேற்ற இயலாது என்பது தெளிவானபோது, மக்களின் விருப்பமும் செலுத்தும் திறனும் கணக்கெடுப்பின் மூலம் அறியப்பட்டன. குடியிருப்போர் நலச் சங்கங்களோடு பேச்சு நடத்தப்பட்டது. அதன் பின்னரே வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாயும் வணிக இணைப்புக்கு 10,000 ரூபாயும் வைப்புத்தொகையாக வசூலிக்கப்பட்டன. ஒரு குழாய்கூடப் பதிக்கப்படாத நிலையில் நடுத்தரக் குடும்பங்கள் இத்தொகையைக் கட்ட முன்வந்தது எளிதில் நிகழ்ந்ததன்று. வசூலான பணம் வேறு செலவுகளுக்குத் திருப்பப்படாதவாறு தனி வங்கிக் கணக்கில் வைக்கப்பட்டதே அந்நம்பிக்கைக்கு அடிப்படையாயிற்று. சுமார் 8 கோடி ரூபாய் இவ்வாறு திரண்டது. அதற்குக் கிடைத்த வட்டியும் நிதித் திட்டத்தில் ஒரு வரவாகவே சேர்க்கப்பட்டது. எஞ்சிய தொகையில் பெரும்பகுதி கடன், சிறுபகுதி மானியம்.

கடனை அடைக்கும் தவணை, பராமரிப்புச் செலவு ஆகிய இரண்டையும் ஈடுசெய்யுமாறு, வீடுகளுக்கு மாதம் 150 ரூபாய் என்ற கட்டணம் கட்டுமானத்துக்கு முன்பே கணிக்கப்பட்டது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் தம் முதலீட்டில் கட்டி, குறித்த ஆண்டுகள் இயக்கி, பின்னர் நகராட்சியிடம் ஒப்படைக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. 2000இல் பணி தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆலந்தூரைப்போல் பெருநகரின் நிழலில் இராத சிற்றூர்களின் இடர் வேறுவகைப்பட்டது. அவற்றுக்குத் தேவைப்பட்டவை சிறு தொகைகள். அத்தொகைக்கெனத் தனியே கடன் பத்திரம் வெளியிட்டால் தரமதிப்பீடு, சட்ட ஆலோசனை ஆகியவற்றின் செலவே தாங்காது. எனவே பல உள்ளாட்சிகளின் தேவையை ஒன்றாகத் திரட்டி ஒரே பத்திரமாக வெளியிடும் கூட்டு நிதி முறை கைக்கொள்ளப்பட்டது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1970இல் தொடங்கிய நகராட்சிப் பத்திர வங்கி இம்முறைக்கு முன்னோடி. தமிழ்நாட்டில் இதற்கென அமைந்த குடிநீர், துப்புரவுக் கூட்டு நிதியம் 2002இல் 30.41 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது, வட்டி 9.20 விழுக்காடு, காலம் 15 ஆண்டுகள். நகராட்சிகளின் வருவாயிலிருந்து தவணைத் தொகை முதலில் தனிக் கணக்கில் சேரும். அது குறைந்தால் மாநில அரசு தரும் வருவாய்ப் பகிர்விலிருந்து பிடித்தம் செய்யப்படும். இவற்றுக்கும் மேலாக, அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி முகமையான யு.எஸ்.எய்ட் உத்தரவாதம் அளித்தது. முதலீட்டாளரின் அச்சம் இவ்வாறு அடுக்கடுக்காகக் களையப்பட்டது.

மத்திய அரசு 2006இல் கூட்டு நிதி வளர்ச்சித் திட்டத்தை அறிவித்ததற்கு இவ்வனுபவமும் ஒரு காரணம். ஆயினும் 2005இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புத்தாக்கத் திட்டத்தின் வழியே மானியம் பெருமளவில் பாய்ந்தபின், கடன் வாங்கி, கட்டணம் கணித்து, மக்களிடம் கணக்குச் சொல்லும் ஒழுங்குக்கு நகராட்சிகளிடையே ஊக்கம் குன்றியது. ஆலந்தூர் தன் 34 கோடியைத் திரட்ட முடிந்தது, குழாய் பதிக்கும் முன்பே கணக்குப் போடவும் வீடுதோறும் அதை விளக்கவும் துணை கிடைத்ததால்தான். அவ்வாயத்தப் பணிக்கெனத் தனி நிதி ஒதுக்காமல் கட்டுமானத்துக்கு மட்டும் மானியம் வழங்கும் கொள்கை குறைபாடுடையது.