பாட்டுப் புத்தகம் என்ற இளைஞர் பத்திரிகை

காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் இடையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். அங்குள்ள திருமாகறலீசுவரர் மீது ஞானசம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் வருகிறது. தேவாரப் பதிப்புகளில் அந்தப் பதிகத்துக்கு மேலே, முதல் பாட்டு தொடங்குமுன், 'பண்: சாதாரி' என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். ஓதுவார்கள் இன்று அதைப் பந்துவராளியில் பாடுகிறார்கள். பாடப் போகிறவனுக்காகப் பக்கத்தில் இடம் ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் எவ்வளவு பழையது என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி.

திருமுறைகண்ட புராணமும் இதையேதான் சொல்கிறது. சிதம்பரத்தில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள். சொல் கிடைத்தது, இசை கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் திருஎருக்கத்தம்புலியூரில் தேடிப் பிடித்து, அவர் வாயிலாகவே பண்களை வகுத்தார்கள் என்கிறது கதை. எழுத்து மட்டும் போதாது என்ற கவலை அன்றே இருந்திருக்கிறது.

அதே கவலையைக் காலணா, அரையணா விலையில் தீர்த்தவர்கள் சென்னைக் குஜிலிக் கடைத்தெருவின் மலிவுப் பதிப்பாளர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவர்கள் அச்சிட்டுத் தள்ளிய சிந்துகளும் கும்மிகளும் சந்தையிலும் ரயிலிலும் திருவிழாவிலும் விற்றன. கொலை, வெள்ளம், ரயில் விபத்து எதுவானாலும் சில நாளில் பாட்டாகிவிடும். ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' நூலில் இந்த உலகத்தை விரிவாக எழுதியிருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்காகப் 'பெரிய எழுத்து'ப் புத்தகங்களும் இதே சந்தையில் வந்தன. பாட்டின் தலையில் ராகத்துக்குப் பதிலாக, ஊரறிந்த ஒரு பழைய பாட்டைச் சொல்லி 'அந்த மெட்டு' என்று போட்டுவிடுவார்கள். சுரம் தெரியாதவனும் அந்த நிமிடமே பாடலாம். வாசகனை இவ்வளவு மதித்த வடிவமைப்பு பெரிய பதிப்பகங்களில்கூட அரிது.

1931 அக்டோபர் 31-இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ் சினிமா பேசத் தொடங்கியது. பேசியதைவிடப் பாடியதுதான் அதிகம். 1934-இல் எம். கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான 'பவளக்கொடி'யில் சுமார் ஐம்பது பாட்டுகள். கிராமபோன் பெட்டி வசதியுள்ள வீட்டுப் பொருள். ரேடியோ அதைவிட அரிது. கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகம்தான் சாதாரண வீட்டுப் பையனும் பெண்ணும் கையில் வாங்கக்கூடிய ஒரே சங்கீதம்.

அதன் அமைப்பைப் பார்த்தால் அது ஒரு முழுப் பத்திரிகை என்பது விளங்கும். முகப்பில் நடிகர் படமும் அலங்கார எழுத்தில் படப்பெயரும். உள்ளே நடிகர் பட்டியல். அடுத்து கதைச்சுருக்கம், முக்கியமான திருப்பத்தில் அது நின்றுவிடும், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். அதன்பின் பாட்டுகள்: பாடுபவர், ராகம், தாளம், பல்லவி, அனுபல்லவி, சரணம். பின் அட்டையில் பெரும்பாலும் விளம்பரம். மலிவுத் தாள், சில சமயம் மங்கிய வண்ணத்தில். பாபநாசம் சிவன் போன்ற வித்துவான் இயற்றிய பாட்டை, சபா வாசலை மிதித்திராத ஒரு பையன் ராகப் பெயரோடு கற்றுக்கொள்ள இந்தத் தாள் வழி திறந்தது. 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே திரையரங்கில் வெளியான 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது என்பார்கள். படம் ஊரைவிட்டுப் போனாலும் பாட்டு வீட்டில் தங்கியதற்கு இந்தப் புத்தகங்களும் ஒரு காரணம்.

பத்திரிகைகள் சும்மா இருக்கவில்லை. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி, சங்கீதம் அறியாதவரையும் கச்சேரிக்கு இழுத்தது. தமிழிசை இயக்கத்தின் காலத்தில் வார இதழ்கள் பாட்டுகளைச் சுரத்தோடு அச்சிட்டன. 1942-இல் தொடங்கிய 'பேசும் படம்' சினிமாவுக்கென்றே நின்றது. 1983-இல் என். பட்டாபிராமன் சென்னையில் தொடங்கிய 'ஸ்ருதி' அருமையான இதழ்தான். ஆனால் ஆங்கிலத்தில், தேர்ந்த ரசிகர்களுக்காக வந்தது. பள்ளி முடித்த பிள்ளைக்குப் பாட்டைப் பற்றிய கருத்து பிறகு போதும், முதலில் பாட்டு வேண்டும்.

இங்கிலாந்தில் நிக் லோகன் இதைப் புரிந்துகொண்டவர். 1978-இல் அவர் தொடங்கிய 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' இதழின் அடிப்படையே அப்போதைய பாட்டுகளின் முழு வரிகளும் பளிச்சென்ற வண்ணப் படங்களும்தான். பதின்ம வயதினர் அதை அள்ளிக்கொண்டார்கள். இளைஞர் இதழ் வடிவமைப்பு என்றால் அந்த இதழை எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு. நம் கொட்டகை வாசலில் 1930-களிலேயே விற்றதையும் அந்த வரிசையில் வைத்துப் பேச வேண்டும்.

1980-களில் கேசட் வந்தது. பல படங்களின் பாட்டுகளை ஒன்றாகச் சேர்த்த மலிவுப் புத்தகங்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கின. இளையராஜா பாட்டைக் கேட்டுக்கொண்டே வரியைச் சரிபார்த்த ஒரு தலைமுறை அவற்றை வாங்கியது. ஆனால் அவற்றில் ராகமும் தாளமும் இல்லை, கதைச்சுருக்கத்துக்கும் இடமில்லை. பக்கம் பெருத்தது, அக்கறை மெலிந்தது. இன்று கைபேசித் திரையில் வரிகள் பாட்டோடு ஓடுகின்றன, அங்கும் ராகத்தின் பெயர் பெரும்பாலும் கிடையாது. இளைஞர்களுக்கென்று இசை இதழ் வடிவமைக்க நினைப்பவர்கள் அந்த ஒரு வரியை முதலில் திரும்பக் கொண்டுவரட்டும்.

இன்னொன்றும் அவசரம். 1930-களின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. 'காளிதாஸ்' படச்சுருளும் இன்று இல்லை. அப்படி மறைந்த பல படங்களுக்குப் பாட்டுப் புத்தகமே மிச்சமிருக்கும் தடயம். சு. தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் அவற்றை வைத்துத்தான் அந்தக் காலச் சினிமாவை எழுத முடிந்தது. உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.