கழிவுநீரில் விளைந்த உணவு: கிழக்குக் கொல்கத்தாவின் பேரிகள்

மண்ணின் வளத்தையும் நீரையும் தீர்த்துவிடாமல், எடுத்ததை ஏதேனும் ஒரு வடிவில் திருப்பிக் கொடுத்துத் தலைமுறை தலைமுறையாகத் தொடரக்கூடிய சாகுபடியே நீடித்த வேளாண்மை எனப்படுகிறது. அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் உழவரோடு நின்றுவிடுகிறது. விளைச்சலை வாங்கி உண்ணும் நகரவாசியின் வாழ்வில் அது என்ன செய்தது என்பதை அறிய, கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்துச் சதுப்பு நிலத்தைப் போலத் தெளிவான சான்று இந்தியாவில் அரிது.

ஹூக்ளி ஆற்றங்கரை மேடாகவும் அதற்குக் கிழக்கே நிலம் தாழ்ந்தும் இருப்பதால், கொல்கத்தாவின் மழைநீரும் சாக்கடை நீரும் ஆற்றுக்கு எதிர்த்திசையில் இருந்த உப்பேரிகளை நோக்கியே சரிந்தன. வித்யாதரி என்னும் ஆறு ஓதத்தின் வழியே கடல்நீரைக் கொண்டுவந்த காலத்தில் அங்கே கொடுவா போன்ற உவர்நீர் மீன்கள் பிடிபட்டன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரின் கழிவுநீர் முறையாக அத்திசைக்குத் திருப்பப்பட்டது. ஆறோ வண்டல் படிந்து தூர்ந்துகொண்டே வந்து, 1928-இல் செயலற்றதாக அறிவிக்கப்பட்டது. ஓதம் நின்றதும் உப்புக் குறைந்து, உவர்நீர் மீன்பிடிப்பும் ஓய்ந்தது. அந்த இழப்பிலிருந்துதான் புதுத் தொழில் பிறந்தது: 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குளத்தில் சாக்கடை நீரை விட்டு மீன் வளர்க்கும் முயற்சி பலன் தரவே, அம்முறை சுற்றிலும் பரவியது. 1940-களில் மாநகராட்சிப் பொறியாளர் பி. என். டே வகுத்த திட்டப்படி குல்டி ஆறு வரை கழிவுநீர் கொண்டுசெல்லப்பட்டபோது, கால்வாயின் நீர்மட்டம் உயர்ந்து, இறைக்கும் செலவின்றியே குளங்களுக்கு நீர் பாய்ந்தது.

‘பேரி’ என்று வங்காளத்தில் அழைக்கப்படும் இக்குளங்களின் நுட்பம் பள்ளிப் படிப்பால் வந்ததன்று. குளிர்காலத்தில் குளத்தை வற்றவைத்து, அடிச்சேற்றை வெயிலில் காயவிட்டு, கிளறிச் சுண்ணாம்பு இடுவார்கள். பிறகு மதகைத் திறந்து கழிவுநீரை ஆழமில்லாமல் நிரப்பிச் சில வாரங்கள் வெயிலில் விடுவார்கள். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க, அதில் பிரியும் சத்தைக் கொண்டு பாசி பெருகுகிறது. பகல் வெளிச்சத்தில் பாசி விடும் ஆக்சிஜன் நுண்ணுயிர்களுக்கு உயிர்ப்பாகிறது. நீர் பச்சைநிறம் கொண்டு பக்குவப்பட்ட பின்னரே ரோகு, கட்லா, மிர்கால் குஞ்சுகள் விடப்படுகின்றன. கரையோரம் கட்டுப்படுத்தி வளர்க்கும் ஆகாயத்தாமரை அலை மோதிக் கரை அரிக்காமல் காக்கிறது. வேறிடங்களில் ஏரியைக் கெடுக்கும் களை என்று பழிக்கப்படும் செடிக்கு இங்கே காவல் வேலை. பல கோடி ரூபாய் செலவிட்டுக் கட்ட வேண்டிய சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையை வெயிலும் பாசியும் மீனவர் உழைப்பும் செய்து முடித்தன.

குளங்களுக்கு அருகிலுள்ள தாபாவில் இதற்கும் முந்திய வரலாறு உண்டு. நகராட்சி குப்பை கொட்ட எடுத்துக்கொண்ட அந்நிலத்தைப் பவநாத் சென் என்பவர் 1879-80 வாக்கில் குத்தகைக்கு எடுத்து, மக்கிய குப்பையின் மேல் காய்கறி பயிரிட்டார். காலிஃபிளவர், முள்ளங்கி, கீரை, மக்காச்சோளம் என அங்கு விளைபவை பொழுது விடியும்போதே நகரச் சந்தைகளை எட்டிவிடுகின்றன.

உரமும் நீரும் விலையின்றிக் கிடைத்து, தூரமும் குறைந்ததால், அந்த மலிவு சந்தை விலையிலும் இறங்கியது. மீனின்றிச் சோறு நிறைவுபெறாத வங்காளிக் குடும்பங்களில் கூலித் தொழிலாளி வீட்டுக்கும் நன்னீர் மீன் எட்டியது. அலுமினியப் பானையில் நீரோடு சுமந்து, மூச்சு முட்டாதபடி நீரைக் கையால் அலைத்துக்கொண்டே கொண்டுவரப்படும் மீன் சந்தையில் துள்ளியது. நகரவாசி பெற்ற நன்மை இரட்டையானது: அவருடைய சாக்கடையும் தூய்மையாயிற்று, அவருடைய கலமும் நிறைந்தது. 1980-களில் இதை ஆராயத் தொடங்கிய பொறியாளர் துருவஜோதி கோஷ், இயற்கையின் மானியத்தில் வாழும் நகரம் என்று கொல்கத்தாவைக் கண்டார். இம்முறையின் தகுதியைப் படித்தவர் உலகம் அறிந்ததில் அவர் பங்கே பெரிது.

அறியும் முன்பே இழப்பும் நேர்ந்திருந்தது. 1960-களில் ஹூக்ளியின் வண்டலைக் குழாய் வழியே கொட்டிக் குளங்களைத் தூர்த்துச் சால்ட் லேக் நகரம் எழுப்பப்பட்டது. எஞ்சியதைக் காக்க ‘பப்ளிக்’ என்னும் குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் 1992-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் நிலப் பயன்பாட்டை மாற்றத் தடை விதித்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

இம்முறைக்குத் தீராத குறை ஒன்றும் உண்டு. வீட்டுக் கழிவைச் செரிக்கும் பாசியால் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியத்தைச் செரிக்க இயலாது. குப்பையிலும் இன்று பிளாஸ்டிக்கும் மின்கலமும் கலந்துள்ளன. தாபாக் காய்கறியைக் குறித்து வாங்குவோர் கொள்ளும் அச்சத்தை அலட்சியப்படுத்துவது நேர்மையாகாது; ஆனால் அந்த நஞ்சு நகரத்திலிருந்து வந்ததேயன்றி உழவர் கலந்ததன்று.

இன்று பேரிக்காரர்களின் முறையீடு வேறு. மழைக்காலத்தில் தெருக்கள் மூழ்காதிருக்க நகரம் கால்வாயின் மட்டத்தைத் தாழ்த்தவே விரும்புகிறது. குளங்களுக்கு நீர் ஏற வேண்டுமெனில் அந்த மட்டம் உயர்ந்திருக்க வேண்டும். வண்டலும் தூர் வாரப்படாமல் சேர்ந்துவிட, நாளொன்றுக்குப் பல கோடி லிட்டர் சாக்கடை நீர் வெளியேறும் நகரின் விளிம்பிலேயே மீன் வளர்ப்போர் அதே நீருக்காகக் காத்திருக்கின்றனர்.